கண்டிக் கத்திக்குச் சொந்தக்காரர்கள் வேண்டும்

2023 டிசம்பரில் நெதர்லாந்திலிருந்து ஆறு பொருள்கள் கொழும்பு தேசிய அருங்காட்சியகத்துக்குத் திரும்பி வந்தன. ஆம்ஸ்டர்டாமின் ரைக்ஸ் அருங்காட்சியகத்தில் தலைமுறை தலைமுறையாக இருந்தவை. பொன்னும் வெள்ளியும் மாணிக்கமும் இழைத்த லெவ்கே பீரங்கி அவற்றில் பேர்பெற்றது. படங்களிலும் அதுதான் முன்னால் நின்றது. கூடவே பொன் வாள் ஒன்று, வெள்ளி வாள் ஒன்று, பெருந்துப்பாக்கிகள் இரண்டு. ஆறாவது பொருள் ஒரு கத்தி.

1765 பெப்ரவரியில் ஒல்லாந்தக் கவர்னர் லுபெர்ட் யான் வான் எக் படையோடு மலையேறிக் கண்டிக்குள் புகுந்தார். மதுரைப் பக்கத்திலிருந்து வந்த நாயக்கர் குடும்பத்தவனான மன்னன் கீர்த்தி ஸ்ரீ இராஜசிங்கன் அதற்கு முன்பே ஊரைவிட்டு உட்பகுதிக்குப் போய்விட்டான். அரண்மனை சூறையாடப்பட்டது. அந்தச் சூறையில் போனவையாகக் கருதப்படும் பொருள்கள்தாம் இவை. போனபோது உலகில் ரயில் கிடையாது, மின்சாரம் கிடையாது. திரும்பி வர 258 வருடம் ஆயிற்று.

பீரங்கியைப் பற்றி எழுத நிறையப் பேர் இருக்கிறார்கள். நான் எழுத நினைப்பது அந்தக் கத்தியின் இனத்தைப் பற்றி. சிங்களத்தில் அதற்குப் பிஹா கெத்த என்று பெயர். ஒரு சாண் முதல் ஒன்றரைச் சாண் வரை நீளம். முதுகு தடித்து, வாய் வளைந்து, நுனி கூர்ந்திருக்கும். கண்டிப் பிரதானிகள் இடுப்புப் பட்டியில் செருகிக்கொண்டது. மரத்தாலான உறைக்கு வெள்ளிப் பூண். பல உறைகளில் கத்திக்குப் பக்கத்தில் இன்னொரு சிறு துளை இருக்கும், அது எழுத்தாணிக்கு. ஓலையைச் சீவ ஒன்று, ஓலையில் எழுத ஒன்று. நம் பக்கத்து மடக்கெழுத்தாணியும் இதே வேலைக்குத்தான். ஒரு முனையில் கத்தி, மறு முனையில் எழுத்தாணி, இரண்டையும் பிடிக்குள் மடக்கிக்கொள்ளலாம். சட்டைப்பைக் கத்தி மேல்நாட்டிலிருந்து வந்த பழக்கம் என்று நினைப்பவர்கள் இந்த இரண்டையும் ஒரு தரம் பார்க்க வேண்டும்.

இந்தக் கத்தியின் அழகு முழுக்க அதன் முதுகில் இருக்கிறது. பிடியை ஒட்டிய பகுதியில், விரல் அகலத்துக்குள், கொடியும் இலையுமாக வெள்ளியும் பித்தளையும் ஓடும். ‘லியவெல’ என்பார்கள். அது மேலே ஒட்டவைத்த வேலை கிடையாது. சிற்றுளியால் உருக்கில் வாய் குறுகி அடி அகன்ற ஒரு வாய்க்கால் வெட்டுவார்கள். அதில் வெள்ளிக் கம்பியை வைத்து மெல்லத் தட்டுவார்கள். வெள்ளி இளகிய உலோகம். தட்டத் தட்ட அடியில் பரந்து தானே பூட்டிக்கொள்ளும். பிறகு அரம் போட்டுத் தேய்த்தால் உருக்கும் வெள்ளியும் ஒரே மட்டத்துக்கு வந்துவிடும். நல்ல வேலையில் கண்ணை மூடிக்கொண்டு நகத்தால் தடவினால் எது கம்பி, எது உருக்கு என்று தெரியாது. பிடி யானைத்தந்தம், கொம்பு, மரம், சிலவற்றில் படிகக்கல். இப்படிப்பட்ட கத்திகளை இன்று லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்திலும் நியூயார்க் மெட்ரோபொலிட்டன் அருங்காட்சியகத்திலும் பார்க்கலாம்.

சட்டைப்பையில் இருப்பது

கண்டிக் கத்தியின் நினைவைக் கிளப்பியது என் சட்டைப்பையில் இருக்கும் இன்னொரு கத்தி. கனடாவில் இருக்கும் மைத்துனர் ஊருக்கு வந்தபோது கொடுத்துவிட்டுப் போனது. டைட்டேனியப் பிடி போட்ட மடக்குக் கத்தி. பெரிய தொழிற்சாலைச் சரக்கு இல்லை. சிறு பட்டறை ஒன்று ஒரு தடவைக்குச் சில நூறு மட்டும் செய்து, முன்பதிவு செய்தவர்களுக்குக் கொடுத்து, அடுத்த தொகுதிக்குக் காத்திருக்கச் சொல்லும் வகை. உலகம் முழுக்க இப்போது இதற்கென்று ஒரு கூட்டம் இருக்கிறது. அமெரிக்காவின் சிறு பட்டறைகளும் சீனாவின் யாங்ஜியாங் நகரத்துப் பட்டறைகளும் போட்டி போட்டுக்கொண்டு செய்கின்றன.

வைத்துப் பழகியவன் என்ற முறையில் நல்லதை முதலில் சொல்கிறேன். உருக்கின் எடையில் ஆறு பங்குக்கு மூன்றரைப் பங்குதான் டைட்டேனியம்: ஒரு கன சென்டிமீட்டர் உருக்கு 7.8 கிராம், டைட்டேனியம் 4.5 கிராம். சட்டைப்பை இழுத்துத் தொங்காது. துரு என்ற பேச்சே இல்லை. கண்டியின் மழைக்காலத்தில் அலமாரிக்குள் வைத்த செருப்புக்கூடப் பூஞ்சை பிடிக்கும். இந்தப் பிடிக்கு ஒன்றும் ஆகவில்லை. இன்னொரு விஷயம் கையில் எடுத்தால்தான் தெரியும். டைட்டேனியம் வெப்பத்தை மெதுவாகத்தான் கடத்தும். நுவரெலியாவில் விடியற்காலை இரும்புச் சாமான் எதைத் தொட்டாலும் கை சில்லிடும். இது அப்படிச் சில்லிடுவதில்லை.

ஆனால் அலகு டைட்டேனியம் இல்லை என்பதை வாங்குகிறவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். ஆறு சதவீதம் அலுமினியமும் நான்கு சதவீதம் வனேடியமும் கலந்த டைட்டேனியம்தான் இந்தப் பிடிகளுக்குப் பொதுவாகப் போடுவது. விமானத்துக்கும் எலும்பு முறிவுக்கும் வைக்கும் அதே கலவை. அது வலியது, ஆனால் கூர் நிற்கும் அளவுக்குக் கடினமானது அல்ல. ஆகவே வெட்டும் வேலைக்கு உருக்குதான். என்னுடையது மேக்னாகட் என்ற உருக்கு. லாரின் தாமஸ் என்ற உலோகவியலாளர் வடிவமைத்து 2021இல் சந்தைக்கு வந்தது. கூரும் நிற்கும், துருவும் பிடிக்காது என்பதுதான் அதன் புகழுக்குக் காரணம். பலாக்காய்ப் பால் பட்டு இரவு முழுக்கக் கிடந்தும் கறை ஏறவில்லை. பால் மட்டும் கெட்டியாகி மடக்கும் ஆணியில் பிடித்துக்கொண்டது. அதற்கு நம் வீட்டு வைத்தியம்தான்: இரண்டு சொட்டுத் தேங்காய் எண்ணெய், பழந்துணி.

பூட்டு முறையைச் சொல்லாமல் விட முடியாது. பிடியின் ஒரு பக்கத் தகட்டையே நீளமாகக் கீறி, அந்தக் கீற்றை உட்பக்கம் வளைத்துவிடுகிறார்கள். அலகைத் திறந்ததும் கீற்று வில்போல உள்ளே வந்து அலகின் அடியில் முட்டி நிற்கும். தனி வில் இல்லை, தனிப் பூட்டு இல்லை, பிடியே பூட்டு. தென்னாப்பிரிக்காவில் பிறந்து அமெரிக்காவுக்குப் போன கிறிஸ் ரீவ், ‘செபென்சா’ என்ற கத்தியில் இதைப் பரவலாக்கினார். இன்று பல மடக்குக் கத்திகள் அதன் பிள்ளைகள் என்றாலும் தகும். டைட்டேனியத்தின் மீள்திறன் இந்த வேலைக்குப் பொருத்தம். சிக்கலும் அங்கேதான். உருக்கோடு உரசும்போது டைட்டேனியம் அதைப் பற்றிக்கொள்ளும். புதிதில் என் கத்தியின் பூட்டு இரண்டு விரல் போட்டுத் தள்ளினாலும் இறுகி நின்றது. பழகப் பழகத்தான் சரியாயிற்று. அதனால்தான் நல்ல பட்டறைகள் உரசும் முனையில் ஒரு சிறு உருக்குத் துண்டைத் திருகி வைக்கின்றன. வாங்குகிறவர்கள் இதைக் கேட்டு வாங்க வேண்டும்.

நிறத்தைப் பார்த்துத்தான் எல்லோரும் மயங்குகிறார்கள். நீலம், பொன், பச்சை என்று மயிற்கழுத்துபோல மின்னும். சாயம் ஒரு துளி இல்லை. டைட்டேனியத்தைக் கரைசலில் தொங்கவிட்டு மின்சாரம் பாய்ச்சினால் மேலே மெல்லிய ஆக்சைடுப் படலம் வளரும். படலம் எவ்வளவு தடிப்போ அதற்கேற்ற நிறம். 30 வோல்ட் அளவில் நீலம், 60ஐ ஒட்டிப் பொன்னிறம், 100ஐ நெருங்கினால் பச்சை. ஆனால் படலம் மெல்லியது. சாவிக்கொத்தோடு ஒரே பையில் போட்டால் விளிம்புகளில் நிறம் போய்ச் சாம்பல் தெரியும். என் கத்தியில் தெரிகிறது. தேயாமல் பெட்டிக்குள் வைத்திருப்பவர்களை நான் குறை சொல்லவில்லை. ஆனால் கத்தியின் விளிம்பு தேய்ந்திருப்பது அது வேலை செய்ததற்குச் சாட்சி.

எடுத்துப்போவதில் எச்சரிக்கை தேவை. தலதா மாளிகை வாசலில் பை சோதிப்பார்கள். கத்தி உள்ளே போகாது. பெரஹெர நாள்களில் நகரத்துக்குள்ளேயே சோதனை கூடும். விமானத்தில் கைப்பையில் வைக்கக் கூடாது. இது வீட்டிலும் தோட்டத்திலும் இருக்க வேண்டிய கருவி.

இனி விலை. இந்த வகையில் பேர் பெற்ற கத்திகள் 400 டாலருக்குக் குறையாது. டாலர் 300 ரூபா என்று வைத்தாலும் ஒரு இலட்சத்து இருபதாயிரம். 2024இல் தோட்டத் தொழிலாளருக்கு நிர்ணயித்த நாட்கூலி 1,350 ரூபா. கிட்டத்தட்ட 90 நாட் கூலி. கண்டி மாவட்டத்தில் இருந்துகொண்டு இந்தக் கணக்கைப் போடாமல் இந்தக் கத்தியைப் பற்றி எழுத எனக்கு மனம் வரவில்லை.

கறுப்பு மணல்

டைட்டேனியம் என்ற உலோகம் நமக்கு அந்நியமானது என்று நினைக்க வேண்டாம். 1791இல் இங்கிலாந்தின் கார்ன்வால் பகுதியில் வில்லியம் கிரிகோர் என்ற பாதிரியார் ஓடை மணலில் கிடந்த கறுப்புத் துகளைச் சோதித்துத்தான் இதைக் கண்டுபிடித்தார். அதே கறுப்பு மணல், அதைவிடப் பெரும் வளமாக, திருகோணமலைக்கு வடக்கே புல்மோட்டைக் கடற்கரையில் கிடக்கிறது. இல்மனைட், ரூட்டைல், சிர்கோன். இல்மனைட்டில் பாதிக்கு மேல் டைட்டேனியம் டைஆக்சைடு. 1957இல் இதற்கென்று அரசு கூட்டுத்தாபனம் அமைத்தது. இன்றும் அரசின் லங்கா மினரல் சாண்ட்ஸ் நிறுவனம்தான் அள்ளுகிறது. பிரித்தெடுத்துக் கப்பலேற்றுகிறோம். உலகில் தோண்டும் டைட்டேனியக் கனிமத்தில் மிகப் பெரும் பகுதி வெள்ளை நிறமியாகிறது, உலோகமாவது சொற்பம். இலங்கையில் அந்த உலோகத்தை எடுக்கும் ஆலை இல்லை. மணலை டன் கணக்கில் விற்றுவிட்டு, கிராம் கணக்கில் டைட்டேனியத்தைத் திரும்ப வாங்குகிறோம். கேரளத்தின் சவரா கடற்கரையில் இதே மணல் இருக்கிறது. அங்கே 2011இல் உலோகத்தின் கச்சா வடிவமான டைட்டேனியம் பஞ்சு எடுக்கும் ஆலையே தொடங்கிவிட்டார்கள். அதே மணல், அதே கடற்கரை வெயில். அவர்கள் ஒரு படி மேலே ஏறிவிட்டார்கள்.

கனிமத்தையும் கண்டிக் கத்தியையும் ஒரே ஆளிடம் கொண்டுவந்து சேர்க்கிறது வரலாறு. அவர் ஆனந்த குமாரசுவாமி. தந்தை சர் முத்து குமாரசுவாமி, கொழும்புத் தமிழர், தாய் ஆங்கிலேயர். பொன்னம்பலம் இராமநாதனுக்கும் அருணாசலத்துக்கும் உறவு. பிற்காலத்தில் நடராஜர் பற்றி எழுதியவராகத்தான் நமக்குத் தெரியும். அவர் படிப்பு நிலவியல். 1903 முதல் 1906 வரை இலங்கைக் கனிமவியல் அளவைத் துறைக்குத் தலைவர். தோரியனைட் என்ற கனிமத்தை உலகுக்குத் தெரியப்படுத்தியவர். கல் தேடிக் கண்டி மலைநாட்டுக் கிராமங்களில் நடந்தவருக்குக் கல்லைவிட அதிகமாகக் கண்ணில் பட்டது உலைக்களமும் தறியும் தச்சுப் பட்டறையும். அவை ஒவ்வொன்றாக அணைந்துகொண்டிருந்ததையும் பார்த்தார்.

1908இல் வெளிவந்த அவருடைய ‘மீடீவல் சிங்களீஸ் ஆர்ட்’ இன்றும் கண்டிக் கத்தியைப் பற்றித் தெரிந்துகொள்ள முதலில் திறக்க வேண்டிய நூல். படங்களை எடுத்தவர் மனைவி எத்தல். ஆங்கிலக் கைவினைஞர் வில்லியம் மோரிஸ் பயன்படுத்திய அதே கையச்சு இயந்திரத்தில் அச்சானது. மொத்தம் 425 பிரதிகள். சிறு தொகுதியாகக் கையால் செய்யும் தொழிலைப் பற்றிய நூலும் சிறு தொகுதியாகக் கையால் செய்யப்பட்டது. அவருக்கு அதில் விட்டுக்கொடுக்க மனமில்லை.

நான்கு பட்டறைகள்

அரசன் காலத்தில் இந்த வேலை எப்படி நடந்தது? அரண்மனைக்கென்று ‘பட்டல் ஹதர’ என்ற நான்கு பட்டறைகள் இருந்தன. நவந்தன்ன எனப்படும் கம்மாளர் குலத்தின் தேர்ந்த குடும்பங்கள் முறை வைத்து அங்கே வேலை செய்தன. சம்பளம் கிடையாது, நிலம் உண்டு. நிலத்தை அனுபவித்துக்கொண்டு அதற்கீடாக அரச வேலை. நல்ல வேலை செய்தவனுக்குப் பட்டமும் கூடுதல் நிலமும். ஆகவே ஒரு கத்திக்கு எத்தனை நாள் ஆகிறது என்று எண்ண வேண்டிய அவசியம் அவனுக்கு இல்லை. கொடுப்பவன் அரசன், வாங்குபவன் பிரதானி, கத்தி இடுப்பில் ஏறும்போது நாடே பார்க்கும். இன்று முன்பதிவு செய்து மாதக்கணக்கில் காத்திருக்கும் டைட்டேனியக் கத்திக்காரர்கள் கொடுப்பது இதே மூன்றைத்தான்: காலம், ஈடு, மதிப்பு.

உருக்கும் உள்நாட்டுச் சரக்கு. பலாங்கொடைப் பக்கம் சமனலவெவ மலைச் சரிவுகளில் மேற்கு நோக்கிய உலைகளைக் கில் ஜூலெஃப் என்ற தொல்லியலாளர் கண்டெடுத்தார். தென்மேற்குப் பருவக்காற்றையே துருத்தியாக்கி இரும்பு உருக்கியிருக்கிறார்கள். 1994இல் அதேபோல் உலை கட்டிக் காற்றிலேயே உருக்கிக் காட்டினார்; 1996இல் நேச்சர் இதழில் வெளியானது. அந்தப் பழைய உலைகள் கி.பி. 7 முதல் 11ஆம் நூற்றாண்டு வரையிலானவை. கண்டி இராச்சியத்தில் சுமார் இருபது வருடம் சிறையிருந்த ராபர்ட் நொக்ஸும் 1681இல் வெளியான தம் நூலில் மலைநாட்டார் இரும்பு எடுக்கும் முறையை விளக்கியிருக்கிறார்.

1815 மார்ச் 2இல் கண்டி ஒப்பந்தத்தோடு இராச்சியம் ஆங்கிலேயர் கைக்குப் போனது. கடைசி மன்னன் ஸ்ரீ விக்கிரம இராஜசிங்கன் வேலூருக்கு அனுப்பப்பட்டான். நிலத்துக்கு ஈடாக அரச வேலை செய்யும் இராஜகாரிய முறை 1832இல் ஒழிக்கப்பட்டது. கட்டாய உழைப்பு ஒழிந்ததில் நியாயம் இருக்கிறது, அதை மறுக்க முடியாது. ஆனால் கத்தி செய்தவனுக்கு அதற்குப் பதிலாக எதுவும் வரவில்லை. கேட்பவன் போனான், நிலத்தின் பேரில் நின்ற ஏற்பாடு போனது, ஐரோப்பிய உருக்கும் கத்தியும் மலிவாக வந்து இறங்கின. கை இருந்தது, வேலை தெரிந்திருந்தது, செய்யச் சொல்ல ஆள் இல்லை.

கவ்வாத்துக் கத்தி

அதே மலையில் இன்னொரு கத்தி ஏறியது. 1867இல் ஹேவாஹெட்டப் பக்கம் லூல்கந்துர தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தேயிலை வைத்த பிறகு, மலை முழுக்க மலையகத் தமிழரான எம்மவர் கையில் ஏறியது கவ்வாத்துக் கத்தி. வளைந்த அலகு, மரப்பிடி, வெள்ளியும் இல்லை, கொடியும் இல்லை. தேயிலைச் செடியைச் சில வருடங்களுக்கு ஒரு முறை மட்டமாக வெட்டிவிட வேண்டும், அதுதான் கவ்வாத்து. வெட்டு சாய்வாக, ஒரே இழுப்பில் விழ வேண்டும். கிளை பிளந்தால் மழைநீர் இறங்கி அழுகும்; அந்தச் செடியில் அடுத்த சுற்றில் கொழுந்து குறையும். ஆகவே கவ்வாத்துக்காரர் வேலைக்குப் போகும்முன் கத்தியைச் சாணைக்கல்லில் போட்டு, கட்டைவிரல் நகத்தில் வைத்துப் பார்ப்பார். வழுக்கினால் மறுபடி கல்லுக்கு. மேக்னாகட் வைத்திருப்பவர்கள் கூரைச் சோதிப்பதும் இதே நகத்தில்தான்.

இந்தக் கத்தியைப் பெரிய அருங்காட்சியகம் எதுவும் தேடி வந்ததாகத் தெரியவில்லை. இப்போது மோட்டார் இயந்திரம் வந்து அதன் இடத்தைப் பிடிக்கிறது. ஆனால் கண்டியில் கூர் என்றால் என்ன என்று நூற்றைம்பது வருடமாக அன்றாடம் தெரிந்து வைத்திருந்தவர்கள் இந்த மனிதர்கள். கத்தியைச் சிங்களக் கம்மாளருக்குச் செய்யத் தெரியும், மலையகத் தமிழருக்குப் பயன்படுத்தத் தெரியும். இரண்டு அறிவும் பக்கத்துப் பக்கத்து மலைகளில் இருந்தும் ஒன்றையொன்று சந்திக்கவில்லை என்பது எனக்குப் பெரும் வருத்தம்.

இன்றைய கடைத்தெரு

கண்டி வாவிக்கரையில் நடந்தால் நினைவுப்பொருள் கடைகளில் பிஹா கெத்த மாதிரியில் கத்திகள் கிடைக்கும். பளபளவென்று இருக்கும். எடுத்துப் பாருங்கள். முதுகில் கொடி இருக்கும், ஆனால் அச்சில் அழுத்திய பித்தளைத் தகடு. அலகில் அரத்தை வைத்து இழுத்தால் அரம் கடிக்கும், பொடி உதிரும். பதம் கொடுக்காத இரும்பு என்று பொருள். பதம் ஏறிய உருக்கில் அரம் சறுக்கும். இந்தக் கத்தி ஒரு மாம்பழத்தை ஒழுங்காக நறுக்காது. சுவரில் மாட்ட வாங்குகிறார்கள், சுவரில் மாட்டச் செய்கிறார்கள்.

செய்கிறவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. குண்டசாலைப் பக்கம் நத்தரம்பொத்தவின் கலாபுரத்திலும் பிலிமத்தலாவைப் பக்கத்துப் பித்தளைக் கிராமங்களிலும் உளி பிடிக்கும் கைகள் இன்றும் இருக்கின்றன. அரக்கு மேல் தகட்டை ஒட்டிவைத்து, உளியை ஒரு மயிரிழை சாய்த்து அன்னத்தின் கழுத்தை எடுக்கிறார்கள். கம்பளை, கடுகண்ணாவைப் பக்கத்துக் கம்மாலைகளில் லொறி வில்லுத் தகட்டை வெட்டிக் காய்ச்சி மன்னாக் கத்தி அடிக்கிறார்கள். அது வெட்டும், வருடக்கணக்கில் வெட்டும். ஒரு பக்கம் வெட்டும் கத்தி அடிக்கத் தெரிந்த கை, மறு பக்கம் வெள்ளி இழைக்கத் தெரிந்த கை. இரண்டையும் ஒரே கத்தியில் சேர்க்கச் சொல்லிக் கேட்கும் ஆள்தான் இல்லை. கண்டியக் கலைச் சங்கம் 1882இல் தொடங்கியது. தேசிய அருங்கலைகள் பேரவைக்கு 1982இல் சட்டமே வந்தது. கண்காட்சிகளும் விருதுகளும் நடக்கின்றன. விருது வாங்கிய கத்தி கண்ணாடிக்குள் போகிறது. அடுத்த கத்திக்குக் கேள்வி வருவதில்லை.

சின்னம் வைத்தால் தொழில் பிழைக்காது என்பதற்கு உத்தரப் பிரதேசத்தின் ராம்பூர் இருக்கிறது. நவாப் காலத்திலிருந்து பேர்பெற்ற மடக்குக் கத்தி ஊர். நீள அலகுக்குத் தடை வந்த பின் பட்டறைகள் அருகின. 2023இல் நாற்சந்தியில் இருபதடி உயரத்துக்கு ஒரு கத்தியை நிறுத்தினார்கள். எதிர்ப்பக்கத்துக்குப் பிரான்ஸின் லாகியோல். ஆயர்களின் மடக்குக் கத்திக்குப் பேர்போன சிற்றூர். இருபதாம் நூற்றாண்டில் தொழில் முழுக்கத் தியேர் நகரத்துக்குப் போய்விட்டது. ஊர்க்காரர்கள் 1987இல் ஊரிலேயே மறுபடி உலை மூட்டினார்கள். அலங்காரப் பொருளாக அல்ல, மேசையிலும் மேய்ச்சல் நிலத்திலும் வெட்டும் கத்தியாகவே செய்தார்கள். இன்று அந்தச் சிற்றூருக்குக் கத்தி வாங்கவே ஆள்கள் போகிறார்கள்.

கண்டிக்கு இது ஏன் முடியாது? யானைத்தந்தம் வேண்டாம். 2016 ஜனவரியில் காலிமுகத் திடலில் பறிமுதல் செய்த தந்தங்களை அரசே நொறுக்கிவிட்டது. அந்தக் கதவு மூடியதே நல்லது. எருமைக் கொம்பு இருக்கிறது, கித்துள் மரம் இருக்கிறது. டைட்டேனியத் தகடும் இருக்கிறது. அதை வாங்கி வந்து லியவெல வெட்டி, வெள்ளி இழைத்தால், மேல்நாட்டுச் சேகரிப்பாளர்கள் ஆயிரம் டாலருக்கு மேல் கொடுக்கும் வகையில் அது சேரும். இதைச் சொல்லும்போது கனவு காண்பதாக நினைக்க வேண்டாம். பிலிமத்தலாவைக்கும் பேராதனைக்கும் நடுவில் சில மைல்தான். பேராதனைப் பல்கலைக்கழகத்தில் பொறியியல் பீடம் இருக்கிறது, நிலவியல் துறை இருக்கிறது. கம்மாளருக்கு இல்லாதது வெப்பநிலையை அளந்து பதம் கொடுக்கும் ஓர் உலை. அதைப் பொதுவில் வைத்து, வாரத்தில் ஒரு நாள் பட்டறைக்காரர்களுக்குத் திறந்துவிட ஒரு பீடம் நினைத்தால் போதும்.

ஆனால் முதல் அடி பல்கலைக்கழகத்தினுடையதும் அல்ல, அமைச்சினுடையதும் அல்ல. வாங்குகிறவருடையது. டொரொண்டோவிலும் லண்டனிலும் சூரிச்சிலும் இருந்து விடுமுறைக்கு வரும் நம்மவர்கள் கண்டியில் ஒரு நாளாவது நிற்கிறார்கள். உங்களிடம் கேட்கிறேன். கடையில் தொங்குவதை வாங்காதீர்கள். பட்டறைக்குப் போங்கள். எனக்கு வெட்டும் கத்தி வேண்டும் என்று முதலில் சொல்லுங்கள். லொறி வில்லுத் தகட்டில் அடித்து, வாய்க்கு மட்டும் பதம் கொடுக்கச் சொல்லுங்கள். முதுகில் அச்சுத் தகடு வேண்டாம், நாலு விரல் நீளத்துக்குக் கொடி இழைத்தால் போதும் என்று சொல்லுங்கள். குரோம் பூச வேண்டாம் என்று மறக்காமல் சொல்லுங்கள். செய்தவர் பெயரை அலகில் வெட்டச் சொல்லுங்கள். பாதிப் பணத்தை முன்பணமாகக் கொடுங்கள். அடுத்த விடுமுறைக்கு வந்து வாங்கிக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டுப் போங்கள். அரம் வைத்துச் சோதித்து வாங்குங்கள். பெட்டியில் போட்டு விமானத்தில் அனுப்புங்கள். வீட்டுக்குப் போய் அதில் மாங்காய் வெட்டுங்கள்.

டைட்டேனியக் கத்திக்குக் கொடுக்கும் விலையில் கால் பங்கு கொடுத்தால்கூடக் கம்மாளருக்கும் வெள்ளி இழைப்பவருக்கும் பல நாள் வேலை. வருடத்துக்கு நூறு பேர் இப்படிக் கேட்டால் ஒரு கிராமத்தில் இரண்டு பிள்ளைகளாவது அப்பாவின் உளியைக் கையில் எடுப்பார்கள்.